அண்ணன் கட்டிய பட்டறையும் மறுநாள் வாழையும்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டையில் அண்ணன் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். அது அவருடைய மகன் சரவணனின் கல்யாணத்தில் எடுத்த படம். போட்டோக்காரர் அதட்டியதால் சிரித்தார்.

"அத்தை, அப்பாவோட நல்ல குணத்தையெல்லாம் எழுதிக் குடுங்க" என்று சரவணன் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இதெல்லாம் நினைவு மலர்ல போடுவாங்களா அத்தை?"

"நீ நல்ல குணம்தானே கேட்ட? அதத்தான் எழுதியிருக்கறேன். போட இஷ்டமில்லன்னா என் கட்டுரையே வேணாம், உட்டுடு" என்றேன். போட்டிருக்கிறான். இருக்கட்டும், பிள்ளை தங்கமான பிள்ளை.

அண்ணன் பிறந்தது நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில். அப்பா குத்தகைக்கு மாந்தோப்பு எடுத்தவர். பூ பிடித்த வருஷம் காற்றடிக்கும், காற்றடிக்காத வருஷம் பூ பிடிக்காது. அண்ணன் கிருஷ்ணகிரியில் ஐடிஐ முடித்ததும், "இந்த மரத்த நம்பி நானும் நிக்கமாட்டேன்" என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டார். அப்பா போனபின் அம்மாவையும் என்னையும் ஓசூருக்கு அழைத்துவந்து, எனக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவர் அவர்தான். எனக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார். நான் எவ்வளவு வாயாடினாலும் கோபித்துக்கொண்டதில்லை.

சிப்காட்டுக்கு வெளியே ஒரு பழைய ஷீட் போட்ட பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து, சூப்பர்வைசர் ஆனார். பெரிய கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் பட்டறை அது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்கள், லேத்துகள், ஒரு டிரில்லிங் மிஷின். வாசலுக்குப் பக்கத்தில் அண்ணனின் மேஜை. மேஜைக்குப் பின்சுவரில் மெயின் சுவிட்ச். காலையில் ஒவ்வொரு மிஷினையும் கண்ணால் பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்தபின் அந்த சுவிட்சைப் போடுவது அண்ணனின் வேலை. வேறு யாரும் அதில் கைவைக்கமாட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது நம் குடும்பத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் பேசியதில்லை.

அந்தப் பட்டறையில் பெரிய பிரஸ்ஸை ஓட்டியவர் முனிராஜ். ஜூஜுவாடிக்காரர். வீட்டில் தெலுங்கு, மாமனார் வீட்டில் கன்னடம், அண்ணனிடம் தமிழ். எந்த மொழியில் பேசினாலும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார். ஆயுத பூஜைக்கு எப்போதும்போல மிஷின்களைக் கழுவிப் பெயிண்ட் அடித்தார்கள். பிரஸ்ஸின் பக்கவாட்டில் பெரிய சக்கரம் ஒன்று சுற்றும். அதை மூடியிருக்கும் கம்பிவலைக்குக் கார்டு என்று பெயர். அந்தக் கார்டைக் கழற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்து, காய்வதற்காகப் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் இருந்த தூணில் வாழைமரம் கட்டி, பொரி கடலை வைத்து, பூசணிக்காய் உடைத்து, முதலாளி எல்லோருக்கும் புதுத் துண்டு கொடுத்தார். குழுவாகப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் மிஷினை ஓட்டித் தொடங்க வேண்டும். பிரஸ்ஸில் முதல் அடியாக ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அடிப்பது அவர்கள் வழக்கம். முனிராஜ் பழத்தை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மெயின் சுவிட்சைப் போட்டார். சக்கரம் சுற்றத் தொடங்கியது. ஓரத்தில் இருந்த கற்பூரத் தட்டை எடுக்க முனிராஜ் குனிந்தார். கழுத்தில் முதலாளி கொடுத்த புதுத் துண்டு. கார்டு அப்போதும் பின்பக்கச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

விசாரணையில் அண்ணன் சொன்னது இதுதான்: "என் மேஜையில் இருந்து பார்த்தால் வாழைமரம் சக்கரத்தை மறைத்தது. கார்டு இல்லாதது எனக்குத் தெரியவில்லை." அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் மனதார நம்பினார். கழுத்தில் துண்டோடு மிஷினிடம் போனது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? "பூஜைக்கு மறுநாளு இல்ல, ஊத்தனது எறங்கியிருக்காது" என்றது. முனிராஜ் சொட்டு மது தொடாத மனிதர். அவருடைய மனைவி மஞ்சுளா அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, ரோஜாப்பூ வளர்க்கும் கம்பெனியில் பூ வெட்டும் வேலைக்குப் போய், ஒரே மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

பிறகு பட்டறையை விற்றார்கள், இடித்தார்கள். அண்ணன் வேறு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றார்.

ஒருநாள் நானும் அண்ணனும் அத்திப்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் மஞ்சுளா எதிரே வந்தாள். கை முழுக்க முள் கீறிய தழும்பு. நலம் விசாரித்தாள். பேருந்து வரும் நேரத்தில் கேட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அன்னிக்கு நெசமாவே நீங்க பாக்கலியா? இல்ல, ஒரு அடிதானேன்னு பாத்தும் உட்டுட்டீங்களா?"

"பாக்கலம்மா. வாழ மறச்சிகினு இருந்தது. என் எடத்துல நின்னா தெரியாது."

"அந்த எடத்துல நின்னு நான் ஒருக்கா பாக்கணும்ணா. மறைக்குதுன்னு என் கண்ணால பாத்துட்டா ஆறிடும். அவரு மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்லன்னு போயிடுவேன்."

"அந்த ஷெட்டே இப்ப இல்லியேம்மா. குடோன் கட்டிட்டாங்க."

"அப்ப எப்பிடிண்ணா நான் நம்பறது?" என்றாள். சண்டைபோடும் குரல் இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் மாடி அறையில் இருந்த கட்டிலையும் பீரோவையும் கீழே இறக்கச் சொன்னார். இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சட்டம் வந்து இறங்கியது. இடித்த பட்டறையை அந்தச் சட்டத்தின்மேல், நாலில் ஒரு பங்கு அளவில், மேஜையில் இருந்து பெரிய பிரஸ் வரைக்கும், அப்படியே கட்டப் போகிறேன் என்றார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "ரிடையர் ஆனா மனுஷங்க கோயில் கொளம்னு போவாங்க. இவரு மாடியில ஷெட்டு போடறாரு!"

நானும் சும்மா இருக்கவில்லை. "ஏண்ணா, நவராத்திரிக்கு ஊர்ல எல்லாரும் பொம்ம கொலு வெப்பாங்க. நீ லேத்து கொலு வெக்கறியா?"

"வெக்கறேன் பாப்பா. நீ சுண்டல் கொண்டா" என்றார்.

விளையாட்டாகப் பேசினாலும் அவர் கை விளையாடவில்லை. பூஜையன்று எடுத்த படம் பழைய கூட்டாளி ஒருவரிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிவைத்து, படத்தில் தூண் எங்கே, ஜன்னல் எங்கே, பிரஸ் எங்கே என்று நூல் பிடித்துக் கணக்குப் போட்டார். கூட்டாளிகளுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். "தூணுக்கும் லேத்துக்கும் நடுவுல வண்டி போவும்டா, எனக்குத் தெரியாதா?" என்று அந்தப் பக்கத்தில் இருந்து கத்துவது எனக்கே கேட்கும். தகரத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துருப்பிடிக்க வைத்துக் கூரை போட்டார். தரைக்குச் சிமெண்ட் பூசி, மெக்கானிக் கடையில் வாங்கிய கறுப்பு எண்ணெயைத் தேய்த்து, லேத்தடியில் நிஜ இரும்புச் சுருளைத் தூவினார். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை வைத்து அடைத்திருந்ததைக்கூட விடவில்லை. சுவரில் விரல் நகம் அளவுக்கு முருகர் படம், அதற்கு மேலே ஒட்டடை. அறைக்குள் போனால் பட்டறை நாற்றமே அடிக்கும். துணி காயப்போட மாடிக்கு வரும் அண்ணி மூக்கை மூடிக்கொண்டு போவார்.

ஆள் பொம்மை மட்டும் அவர் வைக்கவில்லை. தன் மேஜை இருந்த இடத்துக்குப் பின்னால் தரையில் ஒரு வட்ட ஓட்டை விட்டார். சட்டத்துக்கு அடியில் தவழ்ந்துபோய் அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டினால், அண்ணன் நின்ற இடத்தில், அண்ணனின் கண் உயரத்தில் நம் கண் இருக்கும். அங்கிருந்து பிரஸ்ஸைப் பார்க்கலாம்.

வாழைமரத்துக்கு இலை தைத்தது நான். பச்சைத் துணியில் நரம்பு தைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, படத்தில் இருப்பதுபோலவே விறைப்பாக நிற்கவைத்தேன். தூணில் கட்டிவிட்டு அண்ணன் அடியில் தவழ்ந்துபோய்ப் பார்த்தார். "பாப்பா, மறைக்குது. துளிகூடத் தெரியல. வந்து பாரு" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். சக்கரம் இருந்த பக்கம் வெறும் பச்சை இலைதான். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கலங்காதா? எத்தனை வருஷத்து முள் அது.

மஞ்சுளாவை அழைத்தோம். வேலை முடிந்து நேராக வந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு அடியில் போனாள். நெடுநேரம் அங்கேயே இருந்து பார்த்தாள். பிறகு உள்ளே இருந்து குரல் வந்தது. "மறைக்குதுங்கண்ணா."

வெளியே வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். "இத்தினி வருஷமா உங்கள மனசுக்குள்ள திட்டிகினு இருந்தேண்ணா. மன்னிச்சிடுங்க." அண்ணி பரிமாறிய சோற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். அதன்பின் கம்பெனியில் கழித்துப்போடும் ரோஜாக்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, லீவு நாளில் வந்துவிடுவாள். அண்ணனுக்கு இன்னொரு தங்கை வந்துவிட்டாள் என்று எனக்குப் பொறாமைகூட வந்தது. அந்த ஒரு வருஷம்தான் அண்ணன் நன்றாக இருந்தார். உண்மையில் நன்றாக இருந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணன் தன் வீட்டு வாசல் கேட்டின் இரண்டு பக்கமும் வாழை கட்டினார். மறுநாள் காலை நான் சுண்டலோடு போகிறேன், கேட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறார்.

"பாப்பா, நேத்து இந்த எல இப்பிடியா இருந்தது?"

"வெட்டின வாழ நிமிந்தா நிக்கும்? மறுநாளு தொங்கத்தான் தொங்கும். வா உள்ள, சுண்டல் ஆறுது."

அவர் வரவில்லை. மாடிக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் என் பாட்டிலை எடுத்து, நான் கஞ்சி போட்ட இலைகளின் மேல் தெளித்தார். கஞ்சி இளகியது. இலைகள் ஒவ்வொன்றாக மடிந்து தண்டோடு தொங்கின. கேட்டில் தொங்கியதுபோலவே தொங்கின. அவர் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீ போயி பாரு" என்றார். போனேன். தூணுக்குப் பக்கத்தில், மஞ்சள் கம்பிவலை தெரியவேண்டிய இடத்தில், சக்கரம் முழுசாகத் தெரிந்தது.

படம் எடுத்தது பூஜையன்று. முனிராஜ் செத்தது மறுநாள். ஒவ்வொரு வருஷமும் வாழை கட்டுகிற நாங்கள், அது மறுநாள் தொங்கும் என்பதைப் பிறந்ததில் இருந்து பார்த்து வளர்ந்த நாங்கள், ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை. மஞ்சுளாவும் யோசிக்கவில்லை. பாவி, நம்ப வேண்டும் என்று வந்தவள்தானே அவள்.

நானும் அண்ணியும் அண்ணனிடம் மன்றாடினோம். "கேட்டுல வெயிலு. ஷெட்டுக்குள்ள ஏது வெயிலு? அங்க தொங்கியிருக்காது" என்றேன்.

"ஷீட்டுக்குக் கீழ வெயில விட சூடு பாப்பா. நான் அங்க வெந்தவன்."

"ரெண்டு வெரல் தள்ளி கட்டியிருப்பாங்க. தூண நகத்தி வெச்சா மறைக்கும்" என்றார் அண்ணி.

"தூணு அங்கதான் இருந்தது."

"சொல்லி யாருக்கு என்ன ஆவப்போவுது? அவ நிம்மதியா இருக்கறா. நீங்களும் இருங்களேன்!"

"அன்னிக்கு காலையில எப்பிடி இருந்ததோ, அதத்தானே அவ பாக்கணும்னு கேட்டா? நான் முந்தின நாளக் காட்டி அனுப்பிட்டேன்" என்றார்.

மஞ்சுளா ரோஜாக்கட்டோடு வந்தாள். அண்ணன் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, பார்க்கச் சொன்னார். அவள் மீண்டும் அடியில் போனாள். இந்தமுறை உடனே வெளியே வந்துவிட்டாள்.

"தெரியுதே."

"தெரியுதும்மா."

"அப்ப பாத்தீங்களா?"

"பாத்தேனா இல்லியான்னு எனக்கே தெரியலம்மா. கண்ணுக்கு முன்னாடி இருந்திருக்குது. சுவிட்சு போட்டது நானு. அவருமேல தப்பில்ல."

அவள் அண்ணனையே பார்த்தாள். "ஏண்ணா சொன்னீங்க? ஒரு வருஷம் நிம்மதியாத் தூங்கிகினு இருந்தனே" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள். ரோஜாக்கட்டு மாடிப்படியிலேயே கிடந்தது. அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அண்ணன் தன் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுப்பதற்குக் கிருஷ்ணகிரியில் இருக்கும் அலுவலகங்களுக்கு அலைந்தார். மேஜை மேஜையாகப் போய் உட்கார்ந்து சொன்னார். "கம்பெனியே இல்ல, ஃபைல் எப்பவோ குளோஸ் ஆயிடுச்சு. எதுல போயி திருத்தறதுங்க?" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். பழைய முதலாளி போனை எடுக்கவில்லை. கடைசியாகப் போய்விட்டு வந்த அன்று செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப்பின் மாடி ஏறவில்லை.

நெஞ்சு ஏற்கெனவே பலவீனம். சாப்பாடு குறைந்தது. மாத்திரையை அண்ணி கையில் வைத்தால் போடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தெரிந்தவர் யார் வந்தாலும் அவருக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்ப்பார். யாரைத் தேடினார் என்று எங்களுக்குத் தெரியும். நான் ஜூஜுவாடிக்குப் போய் மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். "வந்து என்னக்கா சொல்லட்டும்? பரவால்லன்னா? பரவால்லியா?" என்று கேட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன். நினைவு தப்புவதற்கு முன் அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்: "பாப்பா, அந்த எலைய யாரும் நிமித்திடாதீங்க."

நிமிர்த்தவில்லை. மாடி அறையில் அப்படியே இருக்கிறது. வீட்டை விற்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், அதை என்ன செய்வது என்று தெரியாமல் பேச்சு நின்றுவிடுகிறது.

அண்ணனிடம் நல்ல குணங்கள் நிறைய உண்டு. தங்கைக்கு வாழ்வு கொடுத்தார், தாயைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார், யாரிடமும் கைநீட்டவில்லை. இதெல்லாம் ஊரில் பலபேர் செய்வதுதான். எனக்குத் தெரிந்து அவர் செய்த பெரிய காரியம் ஒன்றுதான். அவர் அந்தத் தூணை நகர்த்தவில்லை. அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்காக அளவுகளைத் தேடிக் கொடுத்த பழைய கூட்டாளிகளுக்கும், சட்டம் செய்து தந்த வெல்டிங் கடைக்காரருக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கும், நாகரசம்பட்டியில் இருந்து வேலை வெட்டியை விட்டு வந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிப்பார். ஆனாலும் சொல்கிறேன்.

மஞ்சுளாவுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. எந்த அலுவலகத்திலும் ஏற்றுக்கொள்ளாததை இங்கே எழுதுகிறேன். முனிராஜ் குடித்துவிட்டுப் போகவில்லை. அவர் கவனக்குறைவால் சாகவில்லை. கார்டு இல்லாத மிஷினுக்கு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கையைத் தூக்கிக் காட்டி, சுவிட்ச் போட்டவர் எங்கள் அண்ணன். இதைச் சொல்லத்தான் அவர் அலைந்தார்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஜூஜுவாடிக்குப் போனேன். புருஷன் பெயரைப் போடுவதற்கு அவளைக் கேட்க வேண்டும் அல்லவா? மஞ்சுளா வாசலில் நின்றபடியே முழுவதையும் படித்தாள். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"போட்டுக்குங்கக்கா. இத யாரு படிக்கப் போறாங்க?"

இந்த மாதிரி மலர்களை நாம் என்ன செய்வோம் என்று எனக்கும் தெரியும். படத்தைப் பார்ப்போம், பையில் போடுவோம், டிவிக்குப் பக்கத்தில் வைப்போம். ஆனால் யாராவது இதுவரை படித்திருந்தால், அந்தப் பக்கம் போகும்போது, படித்தேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேடி அலைய வேண்டாம். காலையில் பூக் கம்பெனி வண்டிக்காக செக்போஸ்ட்டுக்கு எதிரே நிற்பாள்.

— தங்கை